எந்த ஒயர், என்ன வேகம், எவ்வளவு காசு: மண்ணூரில் பார்த்தது

சென்னையிலிருந்து போகும்போது தண்டலத்தில் பெங்களூரு நெடுஞ்சாலையை விட்டு வலதுபக்கம் பிரிந்து பேரம்பாக்கம் போகும் சாலையில் இருக்கிறது மண்ணூர். ஷேர் ஆட்டோவுக்கு 20 ரூபாய். என்னோடு வந்தவர்களில் பாதிப் பேர் கம்பெனி சட்டையில் இருந்தார்கள். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு ரூமுக்குத் திரும்புகிறவர்கள். ஒருவர் தூக்கக் கலக்கத்திலும் போனை மடியில் நிறுத்தி வைத்து யாரோ ஒரு குழந்தையோடு பேசிக்கொண்டே வந்தார். படம் அடிக்கடி நின்று நின்று ஓடியது. இறங்கியதும் நான் நிமிர்ந்து பார்த்தது மின்கம்பத்தைத்தான். அதற்காகத்தான் போயிருந்தேன்.

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று நீளும் இந்தத் தொழிற்பேட்டைப் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள், தண்ணீர் வருமா என்று கேட்ட கையோடு நெட் யாருடையது என்றும் கேட்கிறார்கள். பதில் இரண்டு விதமாக வருகிறது. "கேபிள் நெட் போதும், காசு கம்மி" என்பார்கள் சிலர். "ஃபைபர் போடுங்க, அதுதான் ஸ்பீடு" என்பார்கள் மற்றவர்கள். இரண்டையும் ஒரே தெருவில் வைத்து அளந்து பார்த்துவிட வேண்டும் என்றுதான் லேப்டாப்பும், ஒரு துண்டு லேன் ஒயரும், ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வைஃபையில் அளந்தால் சுவரும் போனும் சேர்ந்து கணக்கைக் கெடுத்துவிடும். ஒயரைச் செருகி அளந்தால்தான் லைனின் உண்மையான வேகம் தெரியும்.

கம்பத்தில் நான்கு விதமான ஒயர்கள் இருந்தன. முதலாவது, சுண்டுவிரல் பருமனில் கறுப்பாக, கம்பத்துக்குக் கம்பம் தொங்கலாகப் போகிற பழைய கேபிள் டிவி ஒயர். நடுவில் ஓரிடத்தில் அலுமினியப் பெட்டி ஒன்று, ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்துப்போய் இருந்தது. ஆம்ப்ளிஃபையர். இரண்டாவது, இரும்புக் கம்பியோடு ஒட்டிய தட்டையான மெல்லிய கறுப்பு ஒயர், அதுதான் வீட்டுக்கு இறக்கும் ட்ராப் ஃபைபர். மூன்றாவது உருண்டையான தடித்த ஃபைபர், இது ஊருக்கு ஊர் போகிறது. நான்காவதைக் கவனிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. சாம்பல் நிறத்தில், வெயிலில் வெளிறி, மேலுறை வெடித்துப்போயிருந்த லேன் ஒயர். ஆபீஸில் மேஜைக்கு அடியில் போடுகிற அதே ஒயர், இங்கே வெட்டவெளியில், வேப்பங்கிளையை உரசிக்கொண்டு ஒரு மாடி வீட்டின் சன்ஷேடுக்குப் போனது.

முக்கிலுள்ள டீக்கடையில் டீ 12 ரூபாய். கடைச் சுவரில் மூன்று ஃப்ளெக்ஸ். ஒன்றில் "100 எம்பிபிஎஸ் அன்லிமிடெட்" என்று பெரிதாகப் போட்டு, அடியில் எறும்பு எழுத்தில் "ஜிஎஸ்டி தனி" என்று இருந்தது. இன்னொன்று உள்ளூர் கேபிள்காரருடையது. டிவியும் நெட்டும் சேர்த்து ஒரே கட்டணம், வீடு தேடி வந்து இணைப்பு. டீ ஆற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் உங்கள் வீட்டில் எது என்று கேட்டேன். "கேபிள்காரத் தம்பி கிட்டதான் வாங்கினேன். போன் பண்ணா வந்துடும் அது. பெரிய கம்பெனிக்குப் போன் பண்ணா, ஒன்றை அழுத்து ரெண்டை அழுத்துன்னு யாரோ பேசறாங்க" என்றார். விலைப் பட்டியலில் வராத ஒரு கணக்கு இது. நோட்டில் முதலில் எழுதிக்கொண்டது இதைத்தான்.

கேபிள்காரரின் அலுவலகம் அங்கிருந்து கூப்பிடு தூரம். எட்டுக்குப் பத்து அறை, ஒரு ஏசி, இரண்டு பெரிய பேட்டரி. ஒரு காலத்தில் மாடியில் டிஷ் ஆன்டெனா வைத்து, ஒரு சேனலுக்கு ஒரு ரிசீவர் என்று அடுக்கி வைத்திருந்த அறை. இப்போது ஒரு அலமாரியில் மூன்று பெட்டிகள் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தன. அதில் பச்சை விளக்குகளோடு மஞ்சள் ஒயர்கள் வரிசையாகச் செருகியிருந்ததைக் காட்டி, "இதுதான் சார் ஓஎல்டி. ஊருக்கே இங்கிருந்துதான் போகுது" என்றார். வயது நாற்பதுகளில் இருக்கும். அப்பா காலத்துத் தொழில். 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய் என்று வந்தபோதும் தாக்குப்பிடித்தவர்கள். இப்போது ஜனங்கள் டிவியை விட்டு போனுக்குப் போய்விட்டார்கள் என்றார். "டிவிய கட் பண்ணிடறாங்க சார். நெட்டு மட்டும் கட் பண்ண மாட்டாங்க. அதனால நாங்களும் நெட்டுக்கு வந்துட்டோம்."

அவரிடம் நான் தேடிப் போன பொருளைக் கேட்டேன். கேபிள் மோடம். டிவி வருகிற அதே ஒயரில் இன்டர்நெட்டும் வருமே, அந்தப் பெட்டி. அவர் பரணைக் காட்டினார். தூசு மூடிய அட்டைப் பெட்டிக்குள் நான்கைந்து கிடந்தன. "வேற ஆபரேட்டர் கிட்ட இருந்து ஏரியா வாங்கும்போது வந்தது. இந்த ஊர்ல இப்போ ஒரு வீட்டுலயும் ஓடல." கேபிள் நெட் என்று ஊரே சொல்கிற இணைப்பில், கேபிள் டிவி ஒயருக்கு வேலையே இல்லை. அந்த ஒயர் செட்டாப் பாக்ஸோடு நின்றுவிடுகிறது. வாய்ச்சொல்லை விட்டுவிட்டு ஒயரின் பின்னாலேயே போவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

பரணில் கிடந்த அந்த மோடத்தைக் குறைத்துப் பேசவும் கூடாது. டாக்சிஸ் என்கிற அந்தத் தொழில்நுட்பத்தின் முதல் பதிப்பு 1997இல் வந்தது. அமெரிக்காவில் வீட்டு இன்டர்நெட்டில் பெரும்பங்கு இன்றும் கேபிள் கம்பெனிகளிடம்தான். 2013இல் வந்த 3.1 பதிப்பு ஏட்டளவில் 10 ஜிகாபிட் டவுன்லோடும் 1 ஜிகாபிட் அப்லோடும் தரக்கூடியது. ஆனால் அந்த ஒயர் பிறந்தது டிவிக்காக. டிவியில் எல்லாமே வீட்டை நோக்கித்தான் வரும், வீட்டிலிருந்து திரும்பிப் போக எதுவும் இல்லை. அதனால் திரும்பிப் போகும் அப்லோடுக்கு, அடியில் 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரை, சில நாடுகளில் 65 வரை, ஒரு குறுகலான சந்துதான் ஒதுக்கினார்கள். மோட்டார், மிக்சி, வெல்டிங் மெஷின் கிளப்பும் இரைச்சல் எல்லாம் சேருகிற இடமும் அதேதான். ஒரு தெருவில் எந்த வீட்டில் இணைப்பு லூஸாக இருந்தாலும் அந்த இரைச்சல் எல்லோருடைய அப்லோடையும் கெடுக்கும். போதாக்குறைக்கு வழியில் வரும் ஒவ்வொரு ஆம்ப்ளிஃபையருக்கும் கரண்ட் வேண்டும். தெருவில் கரண்ட் போனால் நெட்டும் போகும். இதையெல்லாம் செப்பனிட ஆகும் செலவில் புது ஃபைபரே இழுத்துவிடலாம் என்கிற நிலை வந்தபோது, நம் ஊர் ஆபரேட்டர்கள் ஃபைபருக்கு மாறிவிட்டார்கள்.

அலுவலகத்திலிருந்து அவருடைய லைன்மேன் பையன் ஒருவனை என்னோடு அனுப்பினார். பைக்கின் முன்னால் ஒரு பெட்டி, அதற்குள் ஃபைபரை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷின். பத்திரமாகத் துணி சுற்றி வைத்திருந்தான். "ஏணி விழுந்தாலும் பரவால்ல, இது விழக்கூடாதுண்ணா" என்றான்.

முதல் வீடு மாடியில், குடும்பம் நான்கு பேர். இதுதான் அந்த வெளிறிய லேன் ஒயர் போய்ச் சேர்ந்த வீடு. 50 எம்பிபிஎஸ் இணைப்பு, மாதம் 450 ரூபாய், டிவி தனி. மதியம் லேப்டாப்பைச் செருகினேன். டவுன்லோடு 48, அப்லோடு 47. சொன்ன வேகம் அப்படியே வந்தது. வீட்டுக்கார அக்கா தையல் வேலை செய்கிறவர். "பகல்ல நல்லாத்தான் இருக்கும். ராத்திரி வந்து பாருங்க" என்றார். சரி, ராத்திரியும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒயரைப் பின்தொடர்ந்து வெளியே வந்தேன். அது இரண்டு வீடு தள்ளி ஒரு மளிகைக் கடையின் சன்ஷேடுக்கு அடியில் போய் நின்றது. அங்கே ஒரு பிளாஸ்டிக் டப்பா. திறந்தால் எட்டு ஓட்டை உள்ள ஒரு சிறிய ஸ்விட்ச். ஒன்றில் ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் ஒயர், மற்ற ஏழிலும் ஏழு வீடுகள். கடைக்காரரின் கரண்டில் ஓடுகிறது. டப்பாவுக்குள் பல்லி முட்டை இரண்டு.

அந்த ஸ்விட்ச்சின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். ஒவ்வொரு ஓட்டையும் 100 எம்பிபிஎஸ் வரைதான். உள்ளே வருகிற ஓட்டையும் அப்படியே. ஏழு வீட்டுக்கும் ஆளுக்கு 50 என்று விற்றால் மொத்தம் 350. வருவதோ 100. பகலில் இரண்டு மூன்று பேர் இருக்கும்போது யாருக்கும் தெரியாது. பையனிடம் கேட்டேன். "முதல்ல ரெண்டு வீடுதாண்ணா இருந்துச்சு. அப்புறம் ஒண்ணொண்ணா சேர்ந்துடுச்சு" என்றான். மழைக்காலத்தில் என்ன ஆகும் என்றதற்கு, இடி இடித்தால் ஸ்விட்ச் போய்விடும், ஐப்பசி கார்த்திகையில் மாற்றிக்கொண்டே இருப்போம் என்றான். லேன் ஒயரில் ஓடுவது செம்பு. அது மின்னல் வீச்சை வீட்டுக்குள்ளேயே கொண்டு வந்துவிடும். ஃபைபரில் கண்ணாடி இழை, அதில் கரண்ட் பாயாது.

இரண்டாவது வீடு அடுத்த தெருவில், அதே கேபிள்காரருடைய இணைப்பு, அதே 50 எம்பிபிஎஸ், அதே 450 ரூபாய். ஒரே வித்தியாசம், இங்கே ட்ராப் ஃபைபர் ஜன்னல் வழியாக நேரே ஹாலுக்குள் வருகிறது. சுவரில் வெள்ளைப் பெட்டி, அவர்கள் பாஷையில் ஓஎன்யூ. பையன் பெட்டியிலிருந்து ஃபைபரைக் கழற்றி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்த பவர் மீட்டரில் செருகிக் காட்டினான். மைனஸ் 19.6 என்று காட்டியது. "பவர் நல்லாருக்குண்ணா. மைனஸ் 25க்குக் கீழ போனாத்தான் தொல்லை, 27ல எல்லாம் சிவப்பு லைட்டு எரிஞ்சிடும்." எண்ணுக்கு முன்னால் மைனஸ் இருப்பதால் 19 என்பது 25ஐ விட நல்ல வெளிச்சம். அலுவலகத்தில் ஓஎல்டி அனுப்பும் ஒளியை, கம்பத்தில் இருக்கும் ஸ்ப்ளிட்டர் பங்கு போட்டுக் கொடுக்கிறது. எட்டாகப் பிரித்தால் பத்து டெசிபலுக்கு மேல் குறையும். இந்த ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே வேண்டாம், அது வெறும் கண்ணாடி. ஆக, அலுவலகத்திலும் வீட்டிலும் பேட்டரி இருந்தால் நடுவில் ஊரே இருண்டாலும் நெட் ஓடும். இந்த வீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் மினி யுபிஎஸ் ஒன்று இருந்தது. 1,200 ரூபாய் கொடுத்து வாங்கினார்களாம். முதல் வீட்டில் இன்வெர்ட்டரே இருந்தது, ஆனால் மளிகைக் கடையில் கரண்ட் போனால் அந்த இன்வெர்ட்டரால் நெட்டுக்குப் பலனில்லை.

ஜன்னலுக்கு வெளியே ஃபைபரில் ஓரிடத்தில் டேப் சுற்றியிருந்தது. அணில் கடித்ததாம். கன்டெய்னர் லாரி இழுத்துக்கொண்டு போவது, ரோடு போட ஜேசிபி தோண்டுவது, அணில் கடிப்பது. ஃபைபர் கட்டுக்கு இந்த மூன்றைத்தான் பையன் மாற்றி மாற்றிச் சொன்னான்.

மூன்றாவது வீடு ஒரு கல்யாண போட்டோகிராபருடையது. பெரிய கம்பெனி ஒன்றின் ஃபைபர், 100 எம்பிபிஎஸ். கட்டணம் 799, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 942 ரூபாய் 82 காசு. பில்லை எடுத்துக் காட்டினார். லேப்டாப்பைச் செருகியபோது டவுன்லோடு 94, அப்லோடும் 94. நூறு வராமல் 94இல் நின்றதற்குக் காரணம் கம்பெனி இல்லை. நான் ஒயரைச் செருகிய ஓட்டை பழைய 100 எம்பிபிஎஸ் ஓட்டை. அதில் இவ்வளவுதான் தேறும். பக்கத்து ஜிகாபிட் ஓட்டைக்கு மாற்றியதும் 103 வந்தது. படுக்கையறைக்குப் போய் போனில் வைஃபையில் பார்த்தால் 31. நடுவில் இரண்டு செங்கல் சுவர், ஒரு இரும்பு பீரோ. ஸ்பீடு இல்லை என்று ஊரில் கேட்கும் புகார்களில் பெரும்பகுதி இந்தச் சுவரிலும் பீரோவிலும்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

அவர் அதிகம் பேசியது அப்லோடைப் பற்றி. ஒரு கல்யாணத்து வீடியோ 40 ஜிபி வரும். அதை எடிட்டருக்கு அனுப்ப வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தோம். அப்லோடு 10 எம்பிபிஎஸ் என்றால் கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம். 100 என்றால் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். முன்பு வேறு ஊரில் இருந்தபோது பென்டிரைவை பஸ்ஸில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். ஃப்ளெக்ஸில் யாரும் அப்லோடை எழுதுவதில்லை. ஆனால் வெளியூரிலிருந்து வந்து தங்கியிருக்கிறவன் வீட்டுக்கு முகம் காட்டிப் பேசுவது அப்லோடில்தான்.

அப்படித் தங்கியிருக்கிறவர்களையும் பார்க்க வேண்டும் என்று ஊரின் ஓரத்திலிருந்த ஒரு லைன் வீட்டுக்குப் போனேன். வரிசையாகப் பத்து ரூம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வாசலில் காயும் கம்பெனி யூனிஃபார்ம்கள். ஒடிசா, பீகார், அப்புறம் நம் தென்மாவட்டத்துப் பையன்கள். கூரைமேல் ஒரு வெள்ளைப் பெட்டி. அது ஒயரே இல்லாத ஏர் ஃபைபர். 2023இல் ஏர்டெல்லும் ஜியோவும் அடுத்தடுத்து இறக்கிய சரக்கு. பெயரில்தான் ஃபைபர், வருவது 5ஜி டவர் சிக்னல். ஜியோவின் ஆரம்பத் திட்டம் 599 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ், மாதம் 1,000 ஜிபி வரை, ஜிஎஸ்டி தனி. இது யாருடைய பெட்டி என்று எழுதப் போவதில்லை, அளந்ததை மட்டும் சொல்கிறேன். மாலை ஆறரைக்கு டவுன்லோடு 29, அப்லோடு 6. பத்து ரூம் சேர்ந்து பங்கு போடுகிறார்கள், ரூமுக்கு மாதம் 70 ரூபாய். ஒடிசாக்காரர் ஒருவர் தட்டுத்தடுமாறிய தமிழில், "ரூம் மாறினா பெட்டியும் தூக்கிட்டுப் போவோம் அண்ணா" என்றார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரூம் மாறுகிறவர்களுக்கு ஃபைபர் இழுத்துக் கொடுக்க ஓனரும் முன்வருவதில்லை. அவர்கள் நிலைமைக்கு அந்தப் பெட்டி சரிதான். ஆனால் பத்து ரூமும் ஒரே நேரத்தில் ஊருக்கு வீடியோ கால் போட்டால் 6 எம்பிபிஎஸ் எந்த மூலைக்கு?

சாயங்காலம் டீக்கடைத் திண்ணையில் உட்கார்ந்து விலைகளை எழுதினேன். இந்தப் போட்டி எப்படி வந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 2004இல் அரசு பிராட்பேண்ட் என்பதற்கு வைத்த குறைந்தபட்ச வேகம் 256 கேபிபிஎஸ். 2013இல் 512 ஆனது. 2 எம்பிபிஎஸ் ஆனதே 2023 ஜனவரியில்தான். அரசின் இலக்கணம் நத்தை வேகத்தில் நகர, சந்தை ஒரே தாவாகத் தாவியது. 2019 செப்டம்பரில் ஜியோஃபைபர் 699 ரூபாய்க்கு 100 எம்பிபிஎஸ் என்று வந்தது. அடுத்த வருடம் அதே செப்டம்பரில் 399க்கு 30 எம்பிபிஎஸ் என்று இறக்கியது. அந்த வாரத்திலேயே ஏர்டெல் 499க்கு 40, 799க்கு 100, 999க்கு 200 என்று அறிவித்தது. அதையொட்டி பிஎஸ்என்எல் 449க்கு 30 எம்பிபிஎஸ் கொடுத்தது. எல்லாவற்றுக்கும் மேல் ஜிஎஸ்டி உண்டு. 399 என்பது கையைவிட்டுப் போகும்போது 470 ரூபாய் 82 காசு, 499 என்பது 588 ரூபாய் 82 காசு. அன்லிமிடெட் என்பதற்கும் பெரும்பாலும் 3,300 ஜிபி என்று ஒரு எல்லை உண்டு. நாளுக்கு 110 ஜிபி. சாதாரணக் குடும்பம் அதைத் தொடாது, அதனால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

கேபிள்காரரின் 450இல் வரி சேர்ந்திருக்கிறதா என்று மூன்று பேரிடம் கேட்டேன். இரண்டு பேருக்கு ரசீதே கிடையாது, அட்டையில் ஒரு டிக் மட்டும். வாரக்கணக்கில் லைன் இல்லாமல் போனால் எந்தக் காகிதத்தைக் காட்டிக் கேட்பது? கேபிள்காரரிடமே இதைச் சொன்னேன். ஆப்பில் பில் போகிறது, போன் நம்பர் கொடுக்காதவர்களுக்குத்தான் போவதில்லை என்றார். நான் பார்த்தவரை அட்டைதான் புழக்கத்தில் இருக்கிறது.

இரவு ஒன்பதரைக்கு மறுபடி அதே மூன்று வீடுகள். முதலில் தையல்கார அக்கா வீடு. எட்டு மணி நேரத்துக்கு முன் 48 காட்டிய அதே மேஜை, அதே ஒயர். டவுன்லோடு 13, அப்லோடு 9. வேறு சர்வரில் போட்டாலும் 12, 13 என்றுதான் நின்றது. ஸ்பீட் டெஸ்ட் செயலிகள் பெரும்பாலும் பக்கத்திலிருக்கும் சர்வரையே, சமயத்தில் கம்பெனியின் சொந்த சர்வரையே பிடிக்கும். அதனால் நெட்ஃபிளிக்ஸின் ஃபாஸ்ட் டாட் காமிலும் பார்த்தேன், 12. நூறை ஏழால் வகுத்தால் பதினான்கு. மளிகைக் கடை டப்பாவில் படித்த சீட்டு சொன்னதும் இதுதான். பெண் பத்தாவது படிக்கிறாள். பாட வீடியோ சுற்றிச் சுற்றி நிற்கிறது என்று அம்மாவின் போன் டேட்டாவைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாதம் 450 கட்டிவிட்டு, ரீசார்ஜுக்கும் தனியாகக் கட்டுகிறார்கள். இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் அந்தத் தெருவிலேயே விலை அதிகமான நெட் அதுதான்.

அடுத்த தெருவில், அதே கேபிள்காரரின் ஃபைபர் நேராக இறங்கிய வீட்டில், அதே ஒன்பதரை மணிச் சந்தடியில் டவுன்லோடு 45, அப்லோடு 46. போட்டோகிராபர் வீட்டில் 98, 101. பெரிய கம்பெனிக்கும் உள்ளூர்காரருக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, ஒரே உள்ளூர்காரரின் இரண்டு வீடுகளுக்கு நடுவில்தான் பெரிய வித்தியாசம் இருந்தது. ஃபைபரிலும் பங்கீடு உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. பெரிய கம்பெனிகள் போடும் ஜிபான் முறையில் ஒரு இழையில் வருவது சுமார் 2.5 ஜிகாபிட், அதை 64 வீட்டுக்குப் பிரித்து, எல்லோரும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இழுத்தால் ஆளுக்கு 39 எம்பிபிஎஸ்தான். உள்ளூர்காரர்கள் அதிகம் வாங்கும் இபானில் அது 1 ஜிகாபிட். ஆனால் எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை, அதனால் சமாளிக்கிறது. ஸ்விட்ச் டப்பாவில் ஏழு பேர் 100க்கு அடித்துக்கொள்வதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

மண்ணூரில் வீடு பார்க்கிறவர் யாராவது என்னிடம் கேட்டால் நான் சொல்வது இதுதான். கம்பெனி பெயரைக் கேட்பதற்கு முன் ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். தட்டையான கறுப்பு ஒயர் வீட்டுக்குள் வந்து, பெட்டியில் ஃபைபராகவே செருகியிருந்தால் 450 ரூபாய் உள்ளூர் இணைப்பே நான்கு பேர் குடும்பத்துக்குத் தாராளம். கூப்பிட்டால் வரும் தம்பியும் கிடைப்பான். உருண்டையான லேன் ஒயர் வெளியிலிருந்து வந்தால், 300 ரூபாய்க்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அல்லது ஃபைபர் இழுத்துக் கொடுத்தால்தான் என்று சொல்லுங்கள். பெரிய கோப்புகள் அனுப்பும் வேலை உங்களுடையது என்றால் 942 ரூபாய் தண்டம் இல்லை.

இரவே தையல்கார அக்கா வீட்டுக்குத் திரும்பி, அங்கிருந்து கேபிள்காரருக்குப் போன் போட்டு, மளிகைக் கடை ஸ்விட்ச்சில் வந்த எண்களைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. அந்தத் தெருவில் கம்பத்திலிருக்கும் ஸ்ப்ளிட்டரில் இன்னும் ஓட்டை காலியாக இருக்கிறது, ட்ராப் ஃபைபர் மீட்டருக்கு எட்டு ரூபாய், அந்த வீட்டுக்கு அறுபது மீட்டர் போதும், ஓஎன்யூ பெட்டிக்குத்தான் ஆயிரத்து சொச்சம் ஆகும் என்றார். பெட்டிக்கு யார் கொடுப்பது என்பதில்தான் இதுவரை நின்றுபோயிருக்கிறது. அக்காவிடம் போனைக் கொடுத்தேன். "தம்பி, வருஷக் காசை முன்னாடியே கட்டறேன், பெட்டிய நீ போடு" என்றார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, ஆறு மாதக் காசு முன்பணமாகக் கொடுத்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை பையனை அனுப்புகிறேன் என்றார். அக்கா அப்போதே பீரோவைத் திறந்து 2,700 ரூபாயை எண்ணி, ரசீது வேண்டும் என்று எழுதிய சீட்டோடு சேர்த்து ஒரு கவரில் போட்டார்.